மலையில் ஓடும் பழைய வண்டி: இன்ஜின் கசடைச் சுத்தம் செய்வதும் ஆயில் கசிவைக் கண்டுபிடிப்பதும்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய அம்பாசிடரோ மோரிஸ் மைனரோ ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ எஸ்டேட் ஜீப்போ புதிதாக வாங்கியவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெளுப்பாக ஏதோ படிந்திருக்கிறதே, இன்ஜின் போய்விட்டதா? வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டுகிறதே, எந்த சீலை மாற்றுவது?

மலையில் இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். இன்ஜின் போதிய அளவு சூடாவதில்லை, உள்ளே சேரும் ஆவி வெளியேற வழியும் இல்லை. கசடு சேர்கிறது, கசடு பிரீதரை, அதாவது ஆவி வெளியேறும் குழாயை, அடைக்கிறது, அடைபட்ட அழுத்தம் ஒவ்வொரு பேக்கிங் வழியாகவும் ஆயிலை வெளியே தள்ளுகிறது. ஆகவே பேக்கிங் வாங்கக் கடைக்குப் போவது கடைசி வேலை. முதல் வேலை தெர்மோஸ்டாட்டையும் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) பிரீதரையும் பார்ப்பது.

மலையில் கசடு ஏன் அதிகம் சேர்கிறது

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே நழுவும் சிறு பகுதி இன்ஜினின் கீழ்ப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் வருகிறது. ஆயில் 80 டிகிரிக்கு மேல் நன்றாகச் சூடாகி அரை மணி நேரமாவது ஓடினால் அந்த ஈரம் மறுபடி ஆவியாகிப் பிரீதர் வழியே வெளியேறும். டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும் காலையில் ஸ்டார்ட் செய்து, ஊட்டி நகருக்குள் சேரிங்கிராஸ் வரை போய் நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் ரேடியேட்டர் தண்ணீர்தான் சூடாகியிருக்கும், ஆயில் சூடாகியிருக்காது. ஈரம் ஆயிலோடு கலந்து அங்கேயே தங்கிவிடும்.

அடுத்தது காற்று. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரம். இங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோவையில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே காற்றுக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பெட்ரோல் கொடுக்கும். குளிருக்காக சோக்கையும் இழுத்துவிட்டால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். கூடவே கரியும் வரும். ஈரம், பெட்ரோல், கரி, பழைய ஆயில் எல்லாம் சேர்ந்ததுதான் கசடு. வண்டி மலையிலேயே இருக்கப்போகிறது என்றால் சோலெக்ஸ் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை ஒரு படி சிறியதாக மாற்றிப் பாருங்கள். பிளக் முனை கருப்பாக இருந்தது வெளிர் பழுப்புக்கு வந்தால் சரியான அளவு. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே நீண்ட பயணம் போகும்போது மட்டும் பழைய ஜெட்டைத் திரும்பப் போட வேண்டும்.

மூன்றாவது காரணம் மனிதர் செய்தது. இன்ஜின் கொதிக்கிறது என்று சமவெளியில் யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். அந்த வண்டி மலைக்கு விலைக்கு வரும்போது, ஹவுசிங்குக்குள் வெறும் ஓட்டைதான் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் ஊட்டியில் 60 டிகிரியைத் தாண்டவே திணறும். எந்த ஆயிலை ஊற்றினாலும் ஆறு மாதத்தில் கசடு திரும்ப வந்துவிடும்.

முதலில் தெர்மோஸ்டாட்

ஹவுசிங்கின் நட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இல்லையென்றால் 82 டிகிரி தெர்மோஸ்டாட் ஒன்று வாங்கிப் போடுங்கள். மலைக்கு இது பொருத்தமான அளவு. 74 டிகிரி வகை வெப்பநாடுகளுக்கென்று கொடுத்தது, இங்கே வேண்டாம்.

இருப்பது வேலை செய்கிறதா என்று பார்க்க, பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். 82-ஐ ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள்: ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் ஏறாது. 88 டிகிரி வகையைச் சோதித்தால் அரைகுறையாகத் திறந்து நிற்கும். ரிப்பேர் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதனால்தான் ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் நல்ல நிலையில் இருப்பது மலையில் கூடுதல் அவசியம். 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தம் தாங்கும் மூடி சரியாகப் பிடித்தால் கொதிநிலை 105 டிகிரிக்கு மேல் போகும். மூடி பிடிக்காவிட்டால் 93-லேயே பொங்கும். அதைப் பார்த்துப் பயந்துதான் பலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள். மாற்ற வேண்டியது மூடியைத்தான்.

கசடு எந்த வகை என்று பாருங்கள்

வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மேலே உள்ள மூடியை நம் ஒர்க்‌ஷாப்புகளில் டேப்பட் கவர் என்பார்கள். பிளாக்கின் பக்கவாட்டில், ராக்கர்களைத் தள்ளும் புஷ் ராடுகளை மூடியிருப்பது சைடு கவர். இந்தக் கட்டுரையிலும் அப்படியே.

ஆயில் மூடியின் உள்பக்கம் டிகாஷன் கலந்த பாலாடை மாதிரி வெளிர்பழுப்பாக மெல்லியதாகப் படிந்திருந்தால் அது ஈரம். மலையில் குறைந்த தூரம் ஓடும் எந்தப் பழைய வண்டியிலும் குளிர்காலத்தில் இது இருக்கும். ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். குச்சியிலுள்ள ஆயில் தெளிவாக இருந்து, மூடியில் மட்டும் வெளுப்பு இருந்தால் பயமில்லை. குச்சியிலும் ஆயில் கலங்கலாக இருக்கிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் இடைவிடாமல் குமிழி வருகிறது என்றால் அது ஹெட் கேஸ்கட்டோ ஹெட்டில் வெடிப்போதான். அந்த நிலையில் வண்டியை ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

டிப் ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்து, ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போனால் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். கிழிந்த வழியாகப் பெட்ரோல் நேராகக் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பம்பை மாற்றாமல், ஆயிலையும் மாற்றாமல் ஸ்டார்ட் செய்வது ஆபத்து.

இப்போது டேப்பட் கவரைக் கழற்றுங்கள். ராக்கர் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை மட்டும் இருந்தால் நல்ல இன்ஜின். ஸ்பிரிங்குகளுக்கு இடையில் கறுப்பாகக் கெட்டியாகத் தேங்கியிருந்தால் ஒரு பழைய ஐஸ்கிரீம் குச்சியால் ஆழம் பாருங்கள். 2, 3 மில்லிமீட்டருக்குள் இருந்து, புஷ் ராடு இறங்கும் துளைகள் திறந்திருந்தால் ஆயில் மாற்றியே சுத்தம் செய்யலாம். அதைவிடத் தடிமனாக இருந்தாலோ, துளைகளின் ஓரம் அடைத்துக்கொண்டு வந்தாலோ சம்ப்பை இறக்கித்தான் ஆக வேண்டும். மேலே இவ்வளவு இருந்தால் சம்ப்பின் அடியில் ஆயில் பம்பின் ஜல்லடையைச் சுற்றி இன்னும் அதிகம் இருக்கும்.

டீசல் ஊற்றி ரேஸ் கொடுக்க வேண்டாம்

ஆயிலில் அரை லிட்டர் டீசலோ மண்ணெண்ணெயோ கலந்து பத்து நிமிடம் ஓட்டி வடித்துவிட்டால் இன்ஜின் சுத்தமாகிவிடும் என்று சாலையோர ஷெட்டுகளில் இன்றும் சொல்வார்கள். கசடு குறைவாக உள்ள இன்ஜினுக்கு அதனால் பலன் சொற்பம். கசடு அதிகமுள்ள இன்ஜினுக்கு அது எமன். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தாங்காது. அதோடு, ஊறிய கசடு கரையாமல் துண்டு துண்டாகப் பெயர்ந்து ஜல்லடையில் போய் ஒட்டும். ஆயில் பிரஷர் சரியும். முதலில் பலியாவது கனெக்டிங் ராடு பேரிங். டக் டக் என்று சத்தம் வந்த பிறகு கிராங்க்கை கிரைண்டிங்குக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. டின்களில் விற்கும் ஃப்ளஷ் திரவங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காத இன்ஜினில் எதையும் ஊற்றக் கூடாது.

கசடு குறைவாக இருந்தால்

நல்ல டிடர்ஜென்ட் உள்ள மினரல் ஆயிலே மெதுவாகக் கழுவிவிடும். 20டபிள்யூ-50 பழைய பேரிங்குகளுக்குப் பொருத்தம். ஊட்டிக் குளிருக்கு இது கெட்டியாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். 20டபிள்யூ என்பது மைனஸ் 15 டிகிரியில் சோதித்துக் கொடுக்கும் தரம். இன்ஜின் இறுக்கமாகப் புதிதாகக் கட்டியது என்றால், காலையில் ஆயில் சீக்கிரம் மேலே ஏற 15டபிள்யூ-40 மேல். எதுவானாலும் துத்தநாகச் சேர்மானம் போதிய அளவு உள்ளதாக வாங்குங்கள். தட்டையான டேப்பட் (கேம் ஷாஃப்ட்டின் மேல் உரசிப் புஷ் ராடைத் தூக்கும் துண்டு) உள்ள இந்த இன்ஜின்களில் அது குறைந்தால் கேம் ஷாஃப்ட் தேயும். புத்தம்புது கார்களுக்கென்று வரும் மெல்லிய ஆயில்கள் இவற்றுக்கு ஆகாது.

முறை இதுதான். வண்டியை நன்றாகச் சூடாக்கிய பிறகே வடியுங்கள். மலையடிவாரக் கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறி வந்தால் ஆயில் சூடாவதைப்போல் ஊருக்குள் எத்தனை சுற்று சுற்றினாலும் ஆகாது. ஏறி வந்த சூட்டோடு சமதளத்தில் நிறுத்தி, கை பத்திரமாக, சம்ப் பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் வடிய விடுங்கள். பில்டரை மாற்றிப் புது ஆயில் ஊற்றுங்கள். அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினுக்கு 4 லிட்டர் ஊற்றிவிட்டு, மீதியை டிப் ஸ்டிக் பார்த்துச் சிறிது சிறிதாகச் சேருங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடி ஆயிலும் பில்டரும். அடுத்து 1000 கிலோமீட்டரில் ஒருமுறை. அதன்பின் 3000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. வண்டி அதிகம் ஓடவில்லையே என்று ஆறு மாதக் கணக்கை விட்டுவிடாதீர்கள். மலையில் ஓடாமல் நிற்கும் வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும்.

முதல் 500 கிலோமீட்டரில், ஆயில் பிரஷரைக் காட்டும் ஆயில் மீட்டரைக் கவனியுங்கள். வழக்கமாகச் சூடான ஐடிலில் 15 பவுண்டும் ஓட்டத்தில் 50-ஐ ஒட்டியும் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று இறங்கினால், ஜல்லடை அடைக்கிறது. அங்கேயே நிறுத்தி, சம்ப்பை இறக்க ஏற்பாடு செய்யுங்கள்.

சம்ப்பை இறக்கிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தால்

ஒரு முழுநாள் வேலை. மலையில் சமதளம் கிடைப்பதுதான் முதல் சிரமம். கிடைத்த இடத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஆக்சில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. சம்ப்புக்கு நேரடியாக ஜாக் கொடுத்தும் தூக்கக் கூடாது, தகடு அமுங்கி ஜல்லடையில் முட்டும். சில வண்டிகளில் மவுண்டிங்கைத் தளர்த்தி இன்ஜினைச் சற்றே உயர்த்தினால்தான் சம்ப் வெளியே வரும்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். மேலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் மேலே சுரண்டுவதெல்லாம் கீழேதான் விழும். புஷ் ராடு துளைகள் ஒவ்வொன்றிலும் சுத்தமான பருத்தித் துணித்துண்டைச் சொருகுங்கள். எத்தனை துண்டு சொருகினீர்கள் என்று எழுதி வையுங்கள், எடுக்கும்போது எண்ணுங்கள். காட்டன் வேஸ்ட் மட்டும் இன்ஜினுக்குள் வேண்டவே வேண்டாம். அதன் நூல் பிரிந்து போய் ஜல்லடையை அடைக்கும். மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ கசடை அள்ளுங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவர் ஹெட்டின் முகப்பைக் கீறிவிடும், அங்கேதான் நாளைக்கு ஆயில் ஒழுகும். அள்ளிய பிறகு மண்ணெண்ணெய் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுங்கள். பெட்ரோல் வேண்டாம். மூடிய ஷெட்டில் ஒரு பொறி போதும்.

அடுத்து சைடு கவர்கள். அம்பாசிடரில் இவை மேனிஃபோல்டுக்கு அடியில் மறைவாக இருக்கும். அவற்றில் முன்கவரோடுதான் பிரீதர் குழாய் சேர்ந்திருக்கும். கழற்றி, டேப்பட்டுகளுக்கு நடுவில் தேங்கியதை அள்ளுங்கள்.

பிறகு ஆயிலை வடித்து சம்ப்பை இறக்குங்கள். போல்ட்டுகளை எடுத்தும் சம்ப் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால் ஓரத்தில் தட்டுங்கள். நெம்பினால் விளிம்பு வளையும். இறங்கிய சம்ப்பின் அடியை நிதானமாகப் பாருங்கள், அதில் இன்ஜினின் வரலாறே இருக்கும். கறுப்புக் கசடை விரலில் எடுத்து வெயிலில் தேய்த்துப் பார்த்தால், வெறும் மழமழப்பு என்றால் கவலையில்லை. வெள்ளி நிறத்தில் மினுங்கினாலோ செம்பு நிறத் துகள் தெரிந்தாலோ பேரிங் தேய்கிறது. பேரிங் மூடியைக் கழற்றிப் பார்க்காமல் சம்ப்பை ஏற்ற வேண்டாம்.

ஜல்லடையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒவ்வொரு கண்ணும் தெரிய வேண்டும். ஆயில் பம்ப்புக் குழாயின் பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள். அங்கே காற்று உறிஞ்சினால் பிரஷர் வராது.

எல்லாவற்றையும் பூட்டிப் புது ஆயில், புது பில்டர் போட்ட பிறகு, உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, காயில் வயரையும் எடுத்துவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஆயில் மீட்டர் ஏற வேண்டும். பிறகு டேப்பட் கவர் இல்லாமலேயே ஐடிலில் ஓட்டி, ஒவ்வொரு ராக்கரிலும் ஆயில் கசிந்து வருகிறதா என்று பாருங்கள். ஒரு ராக்கர் காய்ந்திருந்தால் ஷாஃப்ட்டின் உள்துளை அடைத்திருக்கிறது. ஷாஃப்ட்டைக் கழற்றி, முனை அடைப்பை எடுத்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். இந்த ஆயிலை 100 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். அதன்பின் மேலே சொன்ன 500, 1000 கணக்கு.

பிரீதர்

பழைய இன்ஜின்களில் பிரீதர் குழாய் கீழ்நோக்கி வெறுமனே தொங்கும். வண்டி ஓடும் வேகக் காற்று அதன் முனையில் உறிஞ்சி ஆவியை வெளியே இழுக்கும். இரண்டாம் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டிக்கு அந்த வேகம் ஏது? ஆகவே குழாய் துளியும் அடைபடாமல் இருக்க வேண்டும். கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கயிற்றில் துணி கட்டி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். சைடு கவருக்குள் கம்பிவலை இருந்தால் அதையும் கழுவுங்கள். ஆயில் மூடியிலேயே காற்று உள்ளே போகும் துளையும் வலையும் உள்ள வண்டிகளில், கிடைத்ததென்று துளையில்லாத மூடியைப் போட்டிருப்பார்கள். பார்த்து மாற்றுங்கள்.

சோதனை எளிது. சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் மூடியை எடுத்து, ஒரு மெல்லிய பாலிதீன் தாளை அந்தத் திறப்பின் மேல் வையுங்கள். தாள் லேசாகத் துடித்தால் சரி. புசுபுசுவென்று தூக்கி எறிந்தால் ஒன்று பிரீதர் அடைப்பு, இல்லையென்றால் ரிங் தேய்மானம். பிரீதரைச் சுத்தம் செய்தும் தூக்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடல்மட்டத்தில் 150 பவுண்டு காட்டும் ஆரோக்கியமான இன்ஜின் ஊட்டியில் 115, 120-தான் காட்டும். உள்ளே இழுக்கும் காற்றே குறைவு. புத்தகத்திலுள்ள எண்ணைப் பார்த்து ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரிக்க வேண்டாம். நான்கு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 15 சதவீதத்துக்கு மேல் போனால்தான் கவலை.

கசிவைத் தேடுவது

அழுக்கு இன்ஜினில் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்ட்ரிபியூட்டர், காயில், டைனமோ, கார்புரேட்டர் வாய் ஆகியவற்றைப் பாலிதீனால் கட்டி மூடி, ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு மேலிருந்து கீழாகத் தேயுங்கள். சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒரு நாள் காய விடுங்கள். மூடுபனிக் காலத்தில் ஒரு நாளில் காயாது, துணியால் துடைத்தெடுங்கள்.

காய்ந்த பிறகு சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்று நிலைகளில் பாருங்கள்: குளிராக ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம், சூடான பிறகு ஐடிலில் பத்து நிமிடம், மலைப்பாதையில் ஒரு சுற்றுப் போய் வந்த பிறகு. பவுடர் முதலில் கறுக்கும் இடம்தான் ஊற்று. மற்றதெல்லாம் அங்கிருந்து வழிந்தது. ஃப்ளோரசன்ட் சாயம் கிடைத்தால் டப்பாவில் சொன்ன அளவு ஆயிலில் கலந்து, இரவில் நீல டார்ச்சால் பார்க்கலாம். பவுடரே பெரும்பாலும் போதும்.

தேடும்போது ஒரே விதி: மேலிருந்து கீழே, முன்னிருந்து பின்னே. ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் ஆயிலைப் பின்னால் தள்ளும். டேப்பட் கவரின் பின்மூலையில் கசிவது, இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள பெல் ஹவுசிங்கில் வழிந்து, கிராங்க்கின் பின்முனையில் கசிவதாகவே தோன்றும். அதற்காக கியர்பாக்ஸை இறக்கிய பிறகு டேப்பட் கவர் பேக்கிங்தான் காரணம் என்று தெரிந்தால் அந்தக் கூலி திரும்ப வராது.

வரிசையாகப் பாருங்கள். டேப்பட் கவர் விளிம்பு. பெட்ரோல் பம்ப் உட்காரும் இடம். டிஸ்ட்ரிபியூட்டர் அடி. ஆயில் மீட்டருக்குப் போகும் குழாய், அதன் ரப்பர் பகுதி. இது திடீரென்று வெடித்தால் சில நிமிடங்களில் சம்ப் காலியாகும், வெடிப்புக் கோடு தெரிந்தாலே மாற்றுங்கள். சைடு கவர்கள்; இங்கே கசிந்தால் ஆயில் சைலன்சர் பைப்பில் விழும், ஏற்றத்தில் கேபினுக்குள் கருகல் வாடை வரும். டைமிங் கவரும் அதன் சீலும். பிறகு சம்ப் விளிம்பு, வடிகால் பிளக்.

கிண்ணத்துக்குள் தாள் பில்டர் போடும் இன்ஜின்களில் பில்டர் கிண்ணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிண்ணம் உட்காரும் பள்ளத்தில் ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையம் காய்ந்து கருப்பாகப் பள்ளத்தோடு ஒட்டிக்கொண்டு, பள்ளத்தின் அடியே அதுதான் என்பதுபோல் தெரியும். அதன் மேலேயே புது வளையத்தைப் போட்டுவிடுவார்கள். ஐடிலில் கசியாது, பிரஷர் ஏறியதும் பீறிடும். குண்டூசியால் பள்ளத்தைச் சுற்றிலும் குத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால் அது ரப்பர், நெம்பி எடுங்கள்.

சொட்டுவது எந்தத் திரவம் என்றும் உறுதி செய்யுங்கள். இன்ஜின் ஆயில் கறுப்பு. கியர் ஆயில் தடிமனாக, கந்தக நெடியோடு இருக்கும். ஆனால் மோரிஸ் மைனர் போலக் கியர்பாக்ஸிலும் இன்ஜின் ஆயிலே ஊற்றும் வண்டிகளில் நெடி உதவாது. கறுக்காமல் தேன் நிறத்தில் இருந்தால் கியர்பாக்ஸ் என்று கொள்ளலாம். பிரேக் ஆயில் தெளிவாக, பெயின்ட்டை உரிக்கும். அது எங்கே கசிந்தாலும் வண்டியை மலைப்பாதையில் இறக்கவே கூடாது.

பின்பக்கக் கசிவு

அம்பாசிடர், மோரிஸ் மைனர், ஹெரால்டு ஆகியவற்றின் பழைய இன்ஜின்களில் கிராங்க்கின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. கிராங்க்கில் வெட்டிய திருகுப்பள்ளம்தான் சுழலும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. வண்டி நின்றுவிட்டால் அந்த வேலையும் நின்றுவிடும். குன்னூர்ச் சரிவில் முன்பக்கம் மேலே பார்க்க நிறுத்தினால் ஆயில் பின்னால் தேங்கி அந்தப் பள்ளம் வழியாக வடியும். முன்பக்கம் கீழே பார்க்க நிறுத்துங்கள், அளவையும் மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். பிரீதரைச் சரிசெய்தாலே பாதிக் கசிவு நிற்கும். பெல் ஹவுசிங் அடியிலுள்ள வடிகால் துளையை மட்டும் யாராவது அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடைத்தால் ஆயில் கிளட்ச்சுக்குப் போய் ஏற்றத்தில் வழுக்கும். பழைய வில்லிஸ் ஜீப் இன்ஜினில் இங்கே கயிறு சீல் இருக்கும். அதை மாற்றுவது அனுபவமுள்ள கைக்குரிய வேலை.

இறக்கத்தில் நீலப்புகை வருவதைக் கசிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். குன்னூரிலிருந்து ஆக்சிலேட்டரை விட்டு பர்லியார் வரை இறங்கி, மறுபடி மிதிக்கும்போது குபுக்கென்று நீலப்புகை வந்தால் ஆயில் வால்வு கைடு வழியாக உறிஞ்சப்படுகிறது. எந்தப் பேக்கிங் மாற்றினாலும் அது நிற்காது.

பேக்கிங் போடும் முறை

இரு பக்கமும் பழைய பேக்கிங், கம் துளியும் இல்லாமல் துடைக்க வேண்டும். சம்ப், டேப்பட் கவர், சைடு கவர் மூன்றும் தகடு. முன்பு யாராவது இறுக்கிய இறுக்கத்தில் போல்ட் துளையைச் சுற்றி உள்வாங்கியிருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் மரக்கட்டையின் மேல் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்துங்கள். இதைச் செய்யாமல் எத்தனை பேக்கிங் மாற்றினாலும் ஒழுகும்.

கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கித் துளைகள் பொருந்தாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் ஊறவையுங்கள், பழைய அளவுக்கு வரும். தகடு பக்கம் மட்டும் ஷெல்லாக்கை மெல்லியதாகத் தடவி ஒட்டவிடுங்கள். சிலிக்கான் கம்மை வாரி அப்புவது இன்று பரவலாக இருக்கிறது. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, அதே அளவு உள்ளேயும் பிதுங்கிப் பிரிந்து போய் ஜல்லடையில் ஒட்டும். பேக்கிங் மடங்கும் மூலைகளில் மட்டும் ஒரு பட்டாணி அளவு போதும்.

போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். அம்பாசிடர் இன்ஜினின் சம்ப் போல்ட்டுக்கு 8 நியூட்டன்-மீட்டர்தான், டேப்பட் கவர் நட்டுக்கு 5. சைடு கவருக்கு அதைவிடக் குறைவு, சிறிய ஸ்பானரை இரண்டு விரலால் பிடித்து வரும் பலமே போதும். ஹெரால்டில் சம்ப்பின் முன்பக்கம் உட்காரும் அலுமினியக் கட்டையில் மரை சுலபமாகப் போய்விடும், அங்கே இன்னும் கவனம். டைமிங் கவரைக் கழற்றினால், புல்லிக்குப் பின்னாலுள்ள ஆயில் தகடு எந்த முகம் முன்னே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் புது சீலும் ஒழுகும். வடிகால் பிளக்கின் செம்பு வாஷரைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் இளகிவிடும், மறுபடி பயன்படுத்தலாம்.

200 கிலோமீட்டர் ஓடிய பின், இன்ஜின் ஆறியிருக்கும்போது எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கார்க் அமுங்கியிருக்கும், கால் சுற்றுக்கும் குறைவாகப் பிடிக்கும். அதற்குமேல் இறுக்க வேண்டாம்.

வடித்த ஆயிலையும் கசடு கழுவிய மண்ணெண்ணெயையும் தனித்தனி கேன்களில் மூடி வைத்துப் பழைய ஆயில் மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள். இங்கே சரிவில் ஊற்றும் எதுவும் கீழேயுள்ள ஓடைக்குத்தான் போகும், அந்த ஓடையிலிருந்துதான் அடுத்த ஊருக்குக் குடிநீர் எடுக்கிறார்கள்.